பெயர் அவருடையது, பொறுப்பு யாருடையது? – உணவகப் பெயருரிமை ஒப்பந்தங்களில் ஈட்டுறுதிப் பிரிவு

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தை அடுத்து, லாரி பேக்கர் வடிவமைத்த சுழல் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இயங்கிவருவதை நம் வாடிக்கையாளர் பலரும் அறிவர். அதே பெயரில் வேறு ஊர்களிலும் கிளைகள் உண்டு. அவற்றைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நேரடியாக நடத்துகின்றன. ஒரு கிளையில் குறை நேர்ந்தால் அதனை நடத்தும் சங்கமே பொறுப்பேற்கும். கழக்கூட்டம் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றியும் நகரின் முக்கியச் சாலைகளிலும் இன்று ஒளிரும் பெயர்ப்பலகைகளில் பலவற்றின் நிலை வேறு. பலகையில் உள்ள பெயர் ஒருவருடையது. கடையில் முதலிட்டவர் இன்னொருவர். பிரான்சைஸ் என்று வழங்கப்படும் பெயருரிமை வணிகம் இதுவே.

பெயருரிமை பெற்று உணவகம் தொடங்கக் கடன் கேட்டு வருவோர், கட்டணம், ஆதாயப் பங்கு, வாடகை, உள் அலங்காரச் செலவு ஆகியவற்றை நன்கு கணக்கிட்டு வருகின்றனர். ஆனால் ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் இடம்பெறும் ஈட்டுறுதிப் பிரிவு இந்தத் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ஓர் எண்ணாகக்கூட இடம்பெறுவதில்லை. கடையில் இட்ட முதலையும் கடந்து, ஈடாக எழுதிக்கொடுத்த வீடு வரை நீளக்கூடிய பிரிவு அதுவே. அதனை எவ்வாறு படிப்பது, எதனைக் கேட்டுப் பெறுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈட்டுறுதி என்றால் என்ன?

இண்டெம்னிட்டி என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் ஈட்டுறுதி, வங்கி வாடிக்கையாளருக்குப் புதிய செய்தி அன்று. வைப்பு ரசீது தொலைந்து, மறுபடி ரசீது கேட்கும்போது, “இதனால் வங்கிக்கு இழப்பு நேர்ந்தால் நான் ஈடுசெய்வேன்” என்று எழுதிக் கொடுக்கிறோம். அதுவே ஈட்டுறுதி.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 124ஆம் பிரிவில் இதற்கு வரையறை தருகிறது. உறுதியளிப்பவரின் நடத்தையாலோ வேறு எவருடைய நடத்தையாலோ மற்றவருக்கு நேரும் இழப்பிலிருந்து அவரைக் காப்பதாகத் தரும் வாக்குறுதியே ஈட்டுறுதி ஒப்பந்தம். 125ஆம் பிரிவின்படி, உறுதி பெற்றவர் மூன்று வகைத் தொகைகளைக் கேட்கலாம்: வழக்கில் செலுத்த நேர்ந்த இழப்பீடு, வழக்குச் செலவு, சமரசமாகக் கொடுத்த தொகை. சமரசத் தொகைக்கு நிபந்தனை உண்டு. அது உறுதியளித்தவரின் கட்டளைக்கு முரணாக இருக்கக் கூடாது; விவேகமுள்ளவர் செய்யக்கூடிய சமரசமாகவும் இருக்க வேண்டும்.

இதனை 126ஆம் பிரிவு கூறும் பொறுப்புறுதியிலிருந்து பிரித்தறிய வேண்டும். பொறுப்புறுதியில் மூவர் உண்டு: கடன் கொடுத்தவர், கடனாளி, பிணையாளர். கடனாளி தவறினால் பிணையாளர் செலுத்துகிறார். ஈட்டுறுதியில் இருவரே உள்ளனர். உறுதியளித்தவரின் பொறுப்பு முதல்நிலைப் பொறுப்பு.

“அவர்கள் இன்னும் பணம் கட்டவில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்ற கேள்வி இயல்பாக எழும். இதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1942இல், கஜானன் மோரேஷ்வர் பரேல்கர் எதிர் மோரேஷ்வர் மதன் மந்திரி வழக்கில் விடை அளித்தது. ஒரு மனையை மற்றொருவருக்கு விட்டுக்கொடுத்தவர், அவர் கட்டடப் பொருள் வாங்கிய கடனுக்கும் தாமே பொறுப்பேற்க நேர்ந்தது. கடனைத் தீர்த்துத் தம்மை விடுவிக்குமாறு, தம் கையிலிருந்து பணம் போகும் முன்னரே அவர் வழக்குத் தொடர்ந்தார். பொறுப்பு உறுதியாகிவிட்டபோது, இழப்பு நேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நீதிபதி சாக்லா தீர்ப்பளித்தார். எனவே, பெயருரிமை வழங்குநர் பணம் செலுத்தும் முன்னரே உங்களிடம் கோரிக்கை வரக்கூடும். அந்த நாளில் கையில் ரொக்கம் இருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவகத்தில் இது ஏன் கனமானது?

துணிக்கடையில் விற்ற சட்டை கிழிந்தால் மாற்றித் தரலாம். உணவில் தவறு நேர்ந்தால் உயிரே போகலாம். 2012 ஜூலையில் திருவனந்தபுரத்தில் வாங்கிய ஷவர்மாவை உண்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2022 மே மாதத்தில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதே வகைத் தடையை அறிவித்தது. இந்நிகழ்வுகளைப் பெயருரிமைக் கடைகளோடு தொடர்புபடுத்தக் கூறவில்லை. உணவுத் தொழிலில் இறங்குவோர் ஏற்கும் பொறுப்பின் எடையை உணர்த்தவே குறிப்பிடுகிறோம்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இழப்பீட்டை வரையறுக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய். கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை. பிற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. 59ஆம் பிரிவின்படி, பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் 7 ஆண்டுக்குக் குறையாத, ஆயுள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. சிறைத்தண்டனையை ஒப்பந்தத்தின் மூலம் பிறருக்கு மாற்ற முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சட்டத்துக்குப் புறம்பான நோக்கம் கொண்ட உடன்பாடுகளைச் செல்லாதவை ஆக்குகிறது.

உணவு உரிமம் ஒவ்வொரு கடைக்கும் தனியாக, அங்கே தொழில் நடத்துபவரின் பெயரில் வழங்கப்படுகிறது. 2022 ஜனவரி முதல் அந்த உரிம எண்ணை ரசீதிலும் அச்சிட வேண்டும். பலகையில் யார் பெயர் இருப்பினும், அதிகாரி முதலில் தேடி வருவது உங்களையே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்ய இடம் தருகிறது. குறைபாடுள்ள பொருளுக்கு, உற்பத்தி செய்தவர், சேவை வழங்கியவர், விற்றவர் ஆகியோரைப் பொறுப்பாக்கவும் வழிசெய்கிறது. எனவே அவர் உங்கள் மீதும் பெயருரிமை வழங்குநர் மீதும் சேர்த்தே புகார் செய்யலாம்.

உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. அவருக்குச் சேர வேண்டிய தொகையை முடிவில் உங்களுள் யார் சுமப்பது என்பதை மட்டுமே ஈட்டுறுதிப் பிரிவு தீர்மானிக்கிறது. இந்தியாவில் பெயருரிமை வணிகத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் சொற்களே உங்களுக்குக் காப்பு. அவையே உங்களுக்கு ஆபத்தும் ஆகலாம்.

சொல் மாறினால் தொகை மாறும்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 20 லட்சம் சொந்தப் பணமும் 25 லட்சம் வங்கிக் கடனும் சேர்த்து, 45 லட்சத்தில் பெயருரிமை உணவகம் தொடங்குகிறார். பெயருரிமை வழங்குநரின் மையச் சமையற்கூடத்திலிருந்து வரும் சாஸ் ஒன்றால் சிலர் நோயுறுகின்றனர். நுகர்வோருக்கு இழப்பீடு 12 லட்சம். கடைக்காரரின் வழக்குச் செலவு 3 லட்சம். பெயருரிமை வழங்குநரின் வழக்குச் செலவு 4 லட்சம். நற்பெயரை மீட்க அவர் செய்த விளம்பரம் 10 லட்சம். பிற கிளைகளில் விற்பனை குறைந்ததாக அவர் கூறும் இழப்பு 15 லட்சம். மொத்தம் 44 லட்சம்.

முதல் வகைச் சொற்றொடர்: “கடையின் செயல்பாட்டிலிருந்தோ அதனோடு எவ்வகையிலேனும் தொடர்புடையதாகவோ எழும் அனைத்து இழப்புகளையும், நேரடியானவை, மறைமுகமானவை யாவற்றையும், பெறுநர் ஈடுசெய்வார்.” இதன்படி 44 லட்சமும் கடைக்காரர் தலையில் விழக்கூடும். அவருடைய முழு முதலீட்டுக்கு ஏறத்தாழ இணையான தொகை இது. கடையும் இராது; கடன் மட்டும் இருக்கும்.

இரண்டாம் வகை: “மூன்றாம் தரப்பினர் தொடுக்கும் கோரிக்கைகளையும் நியாயமான வழக்குச் செலவுகளையும் ஈடுசெய்வார்.” விளம்பரச் செலவும் பிற கிளைகளின் இழப்பும் நீங்குகின்றன. பொறுப்பு 19 லட்சமாகக் குறைகிறது. ஆனால் தவறு மையச் சமையற்கூடத்தில் நேர்ந்திருந்தும் அவரே சுமக்கிறார்.

மூன்றாம் வகை: “ஒவ்வொரு தரப்பும் தன் கவனக்குறைவாலோ ஒப்பந்த மீறலாலோ நேர்ந்த மூன்றாம் தரப்புக் கோரிக்கைகளை, அவற்றில் தனக்குள்ள பங்கின் அளவுக்கு ஈடுசெய்யும்.” சாஸ் கெட்ட நிலையிலேயே வந்தது என மெய்ப்பித்தால், 19 லட்சத்தையும் பெயருரிமை வழங்குநர் ஏற்க வேண்டும். கடையின் குளிர்பெட்டி பழுதானதும் பாதிக் காரணம் என்றால், கடைக்காரரின் பங்கு 9.5 லட்சம்.

நிகழ்வு ஒன்றே. மூன்று சொற்றொடர்கள் மூன்று வேறு தொகைகளைத் தருகின்றன. இதிலிருந்து பெறும் விதி எளியது: எது யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளதோ, அதன் பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும். சமையலறைத் தூய்மை, பணியாளர், குளிர்பெட்டியின் வெப்பநிலை ஆகியவை உங்கள் கையில் உள்ளன. அவற்றுக்கு நீங்கள் உறுதியளிப்பது நியாயம். செய்முறை, கட்டாயமாக வாங்கவேண்டிய மூலப்பொருள், வணிகச் சின்னம் ஆகியவை அவர் கையில் உள்ளன. அவற்றுக்கு அவரே உறுதியளிக்க வேண்டும்.

பெயருரிமை வழங்குநர் தரவேண்டிய உறுதி

பல ஒப்பந்தங்களில் ஈட்டுறுதி ஒருவழிப் பாதையாகவே உள்ளது. குறைந்தது இரண்டு பொருள்களில் எதிர்த்திசையிலும் உறுதி கேட்க வேண்டும்.

முதலாவது, பெயர். உணவகப் பெயர்களைச் சுற்றி எழும் வழக்குகள் நமக்குப் புதியவை அல்ல. 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய பிரியாணிக் கடையால் புகழ்பெற்ற தலப்பாக்கட்டி என்னும் பெயர் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததைப் பலர் நினைவுகூரக்கூடும். நீங்கள் பணம் கொடுத்துப் பெற்ற பெயரின் மீது வேறொருவர் உரிமை கோரி, நீதிமன்றம் தடை விதித்தால் என்ன ஆகும்? பலகை, உணவுப் பட்டியல், பணியாளர் சீருடை, பொட்டலப் பெட்டி அனைத்தும் ஒரே நாளில் பயனற்றுப் போகும். எனவே, பெயர் உரிமை குறித்த வழக்குகளின் செலவையும் மாற்றுச் செலவையும் வழங்குநர் ஏற்பதாக எழுதிப் பெறுக. அந்தப் பெயர் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ், உணவகச் சேவைக்குரிய 43ஆம் வகுப்பில் பதிவாகியுள்ளதா என்பதையும் முன்கூட்டியே தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது, அவர் வழங்கும் பொருளும் செய்முறையும். “இன்ன இடத்தில்தான் வாங்க வேண்டும்” என்று கட்டாயப்படுத்தினால், அப்பொருளின் குறைக்கு அவர் உறுதி தருவதே முறை. இதனை மெய்ப்பிக்க உங்களிடம் சான்று வேண்டும். பொருள் வந்த நாள், தொகுதி எண், வரும்போது இருந்த வெப்பநிலை ஆகியவற்றை நாள்தோறும் பதிவு செய்து வைப்பது நீதிமன்றத்தில் மதிப்புள்ள ஆவணமாகும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்

உச்சவரம்பு: பொறுப்புக்கு மேல் எல்லை உண்டா? ஓராண்டில் செலுத்தும் ஆதாயப் பங்கின் இத்தனை மடங்கு என்றோ, காப்பீட்டுத் தொகை அளவு என்றோ எல்லை கேட்கலாம். வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு வரம்பு பொருந்தாது என்று அவர்கள் கூறினால் அது ஏற்கத்தக்கதே.

வழக்கை நடத்துபவர்: கோரிக்கை வந்தவுடன் எத்தனை நாளில் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்? வழக்கறிஞரை அமர்த்துபவர் யார்? உங்கள் எழுத்துமூலச் சம்மதமின்றிச் சமரசம் செய்யலாகாது என்று எழுதுவது, 125ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் பாதுகாப்பைத் தெளிவாக்கும்.

கையெழுத்திடுபவர்: நிறுவனமாகப் பதிவு செய்து கையெழுத்திட்டால், பொறுப்பு பொதுவாக நிறுவனச் சொத்தோடு நிற்கும். ஆனால் இயக்குநர்களும் துணைவரும் தனிப்பட்ட பொறுப்புறுதி தரவேண்டும் என்று இணைப்பில் ஒரு தாள் இருந்தால், அந்தத் தடுப்புச் சுவர் இடிந்துவிடும். 128ஆம் பிரிவின்படி, வேறு வகையில் எழுதப்படாவிடில், பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது. குடும்பத்தாரைக் கையெழுத்திடச் செய்யும் முன் அவர்களுக்கு இதனை விளக்குவது கடமை.

காலம்: பெரும்பாலான ஈட்டுறுதிப் பிரிவுகள் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தொடர்வதாக எழுதப்படுகின்றன. ஒப்பந்தக் காலத்தில் நடந்த நிகழ்வுகளுக்கு மட்டும், இத்தனை ஆண்டுகள் வரை என்று வரையறை கேட்க வேண்டும்.

முறிவு: வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை நடத்திய கன்னாட் பிளாசா நிறுவனத்தோடு செய்திருந்த உடன்பாட்டை, அமெரிக்க நிறுவனம் 2017 ஆகஸ்டில் முறித்துக்கொண்டது. 169 உணவகங்கள் அதில் அடங்கும். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 2019 மே மாதத்தில்தான் சமரசம் ஏற்பட்டது. அத்தகைய பெரு நிறுவனம் தாங்கும் காலத்தை ஒற்றைக் கடைக்காரர் தாங்குவது அரிது. பெயர் நீங்கினாலும் வாடகை, ஊழியர் நிலுவை, கடன் தவணை ஆகியவை நீங்குவதில்லை.

வழக்கிடம்: நடுவர் தீர்ப்பாயம் தில்லியிலோ மும்பையிலோ அமையும் என்று எழுதியிருந்தால், திருவனந்தபுரத்துக் கடைக்காரருக்கு ஒவ்வொரு அமர்வும் பயணச் செலவே. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் பெயருரிமை ஒப்பந்தத் தகராறுகளை வணிகத் தகராறுகளாகக் குறிப்பிடுகிறது. அவசர நிவாரணம் கோராத வழக்குகளில் முன் சமரசப் பேச்சும் கட்டாயம்.

காப்பீடும் வங்கி உத்தரவாதமும்

“காப்பீடு எடுத்திருக்கிறேன், அதனால் அச்சமில்லை” என்ற எண்ணத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். தீ விபத்துக் காப்பீடு, உணவால் பிறர் நோயுற்றால் தொகை தராது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடும் பொருள் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். அவற்றிலும் ஒரு விலக்கு வழக்கமாக இடம்பெறும்: சட்டப்படி உங்களுக்கு இல்லாத பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் நீங்களாகவே ஏற்றிருந்தால், அதற்குக் காப்பீடு பொருந்தாது. முன்னர்க் கூறிய கணக்கில், பிற கிளைகளின் விற்பனை இழப்பு இவ்வகையைச் சார்ந்தது. ஆகவே ஈட்டுறுதிப் பிரிவின் நகலைக் காப்பீட்டு முகவரிடம் காட்டி, எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. அபராதத்துக்கும் தண்டத்துக்கும் பொதுவாகக் காப்பீடு கிடையாது.

சில பெயருரிமை வழங்குநர்கள் பாதுகாப்பாக வங்கி உத்தரவாதம் கேட்கின்றனர். இதன் இயல்பை வாடிக்கையாளர் நன்கு அறிய வேண்டும். பயனாளி நிபந்தனைப்படி கோரினால், உங்களுக்குள் நடக்கும் தகராறைப் பாராமல் வங்கி பணம் செலுத்த வேண்டும். மோசடி, ஈடுசெய்ய இயலாத அநீதி ஆகிய அரிய சூழல்களில் மட்டுமே நீதிமன்றங்கள் அதனைத் தடுக்கும். வங்கி செலுத்திய தொகையை, நீங்கள் எழுதிக் கொடுத்த எதிர் உத்தரவாதத்தின்படி உங்களிடமே பெறும். ஆகவே “கோரியவுடன் செலுத்த வேண்டும்” என்ற வாசகத்துக்கு முன், தொகையும் முடிவு நாளும் தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

ஈடின்றிச் சிறுதொழில் கடன் பெறுவோரிடையே மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. அரசின் கடன் உத்தரவாத நிதியம் வங்கிக்குத் தரும் காப்பு, கடனாளியை விடுவிப்பதன்று. நிதியம் தொகை தந்த பின்னரும் வசூல் தொடரும்.

கையெழுத்திடும் முன்

ஒப்பந்த வரைவைக் குறைந்தது இரு வாரங்களுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். “இது எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சுப் படிவம், மாற்ற முடியாது” என்ற விடை வரலாம். முழுப் பிரிவையும் மாற்ற மறுப்பவர்களும் தனிக் கடிதமாக உச்சவரம்பையோ, மூலப்பொருள் உறுதியையோ தர இசையக்கூடும்; கேட்பதில் இழப்பில்லை. ஆவணத்துக்கு 1959ஆம் ஆண்டின் கேரள முத்திரைச் சட்டப்படி உரிய முத்திரைத் தீர்வை செலுத்துக. குறைவாக முத்திரையிட்ட ஆவணத்தை, குறைத் தீர்வையும் தண்டமும் செலுத்தும்வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

கடன் விண்ணப்பத்தோடு தரும் திட்ட அறிக்கையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்குமாறும் வேண்டுகிறோம்: “ஈட்டுறுதிப் பொறுப்பு – உச்சத் தொகை, காப்பீடு ஏற்கும் பகுதி, எஞ்சிய தொகைக்கான ஏற்பாடு.” அந்த மூன்று கட்டங்களையும் நிரப்ப முடிந்தால் ஒப்பந்தத்தை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்று பொருள். “வரம்பில்லை” என்று எழுத வேண்டிய நிலை வந்தால், கடன் தொகையைப் பற்றிப் பேசும் முன் ஒப்பந்த வாசகத்தைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசுவதே நலம். இக்கட்டுரை பொதுவான விளக்கமே. தனித்தனி ஒப்பந்தங்களுக்குச் சட்ட ஆலோசனை இன்றியமையாதது.